குழந்தை சரியாக வளர்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளை எடைத்தட்டில் படுக்க வைப்பதும், பலகையில் கால் நீட்டி உயரம் அளப்பதும், அதை அட்டையில் குறிப்பதும் பல வருடங்களாக என் வேலை. தடுப்பூசிக்கு வந்தவர்களும் சளி, காய்ச்சல் என்று வந்தவர்களும் கிளம்பும்போது கதவருகே நின்று தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள். ஆள்தான் வேறு, கேள்வி பெரும்பாலும் அதேதான். அவசரத்தில் அங்கே அரைகுறையாகச் சொன்னதை எல்லாம் இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

வளர்ச்சின்னா எடையும் உயரமும்தானே? அது சரியா இருந்தா போதாதா?

அது பாதிதான். உடம்பு பெரிதாவதையும் திறமை கூடுவதையும் நாம் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எடை, உயரம், தலைச் சுற்றளவு இதெல்லாம் உடல் வளர்ச்சி. கழுத்து நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது, கீழே கிடக்கும் சிறு பொருளை இரண்டு விரலால் கிள்ளி எடுப்பது, பேசுவது, இன்னொரு குழந்தை அழுதால் தன் முகமும் மாறுவது இதெல்லாம் திறன் வளர்ச்சி.

ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லிவிட முடியாது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். ஒல்லிக் குழந்தை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வீட்டையே சுற்றி வரலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

மாசத்துக்கு எவ்வளவு எடை ஏறணும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறையும். பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறைந்துவிட்டு, பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பிடித்துவிடும். பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும். ஏறக்குறைய 5 மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும்.

உயரம் பிறக்கும்போது 50 செ.மீ. அளவில் இருக்கும். முதல் வருடம் 25 செ.மீ., இரண்டாம் வருடம் 12 செ.மீ. போலக் கூடும். அப்புறம் பருவ வயது வரை வருடத்துக்கு 5 முதல் 7 செ.மீ.தான். இந்த வேகம் படிப்படியாகக் குறைகிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அடுத்த கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான். இப்போ வாயே திறக்க மாட்டேங்கிறான். என்ன பண்றது?

முதல் வருடத்தில் ஆறு கிலோவுக்கு மேல் ஏற்றிய உடம்பு, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏற்றுகிறது. வேகம் குறைந்தால் பசியும் குறையும். பெற்றோர் கண்ணுக்கு அது நோய் மாதிரித் தெரிகிறது, பெரும்பாலும் அது இயல்புதான்.

என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அதன் வயிற்றுக்குத் தெரியும். மூக்கைப் பிடித்துத் திணித்தால் சாப்பாட்டைக் கண்டாலே அழ ஆரம்பிக்கும், பிறகு மீட்பது கஷ்டம். சாப்பாட்டுக்கு முன்னால் நிறையப் பால் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது நிறைய வீடுகளில் நடக்கிறது.

சார்ட்ல என் பொண்ணு எப்பவும் கீழ்க்கோட்டுலயே இருக்கா. பயப்படணுமா?

அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து 2006-இல் வெளியிட்ட வரைபடம் அது. தாய்ப்பால் குடித்து, புகை படாமல், நல்ல பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகள் அவர்கள். நாடு வேறானாலும், நல்ல சூழல் கிடைத்தால் சிறு வயதில் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்பது அப்போது தெளிவானது.

கீழே உள்ள 3-ஆம் பெர்சன்டைல் கோட்டுக்கு என்ன அர்த்தம்? ஆரோக்கியமான நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் மூன்று பேர் அதற்கும் கீழே இருப்பார்கள், அவ்வளவுதான். அது பரீட்சை மார்க் இல்லை. உங்கள் பெண் தன் கோட்டோடு இணையாக ஏறிக்கொண்டே போனால் அவள் தன் வழியில் வளர்கிறாள். நான் கவலைப்படுவது, நடுக்கோட்டில் போய்க்கொண்டிருந்த குழந்தை ஏறாமல் நின்று, அடுத்தடுத்து இரண்டு கோடுகளைக் கீழ்நோக்கித் தாண்டும்போதுதான். அந்தக் குழந்தையின் எண் உங்கள் பெண்ணின் எண்ணைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

முதல் இரண்டு வருடத்தில் ஒரு குழந்தை கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்ந்து தன் பரம்பரைக்கான கோட்டில் போய் அமர்வதும் உண்டு. அது வழுக்கலா, அமர்வதா என்பதை ஒரே அளவை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் தொடர்ந்து அளக்கச் சொல்கிறோம்.

நாங்க ரெண்டு பேருமே உயரம் கம்மி. பிள்ளையும் அப்படித்தான் இருக்குமா?

ஓரளவு ஊகிக்கலாம். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டுங்கள். பையன் என்றால் அதோடு 13 சேருங்கள், பெண் என்றால் 13 கழியுங்கள், பிறகு இரண்டால் வகுங்கள். அப்பா 168 செ.மீ., அம்மா 151 செ.மீ. என்றால் மகனுக்கு 166, மகளுக்கு 153 வரும். இதற்கு மேலும் கீழும் 8 செ.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம், அதனால் இதை ஜாதகம் மாதிரி நம்ப வேண்டாம்.

எல்லாம் பரம்பரைன்னா அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன வேலை?

பரம்பரை ஒரு எல்லையைப் போட்டுத் தருகிறது. அந்த எல்லை வரை போய்ச் சேர்வது சாப்பாடு, நோய், தூக்கம், மனசு எல்லாவற்றையும் பொறுத்தது. தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 செ.மீ. அளவுக்குக் கூடியது. நூறு வருடத்தில் மரபணு அப்படி மாறிவிடாது. சாப்பாடும் சுத்தமும் மருத்துவமும்தான் மாறின.

நல்ல சாப்பாடு கிடைக்கும் இடத்தில் இரண்டு குழந்தைகளின் உயர வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் பரம்பரை. பற்றாக்குறை உள்ள இடத்தில் பற்றாக்குறைதான் காரணம். அதனால் 'எங்க வம்சமே இப்படித்தான்' என்று யாராவது சொன்னால், அந்த வம்சமே சிறு வயதில் என்ன சாப்பிட்டது என்றும் நான் யோசிப்பேன்.

முதல் ஆயிரம் நாள்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

கர்ப்பத்தில் 270 நாள், முதல் வயது 365, இரண்டாம் வயது 365. கூட்டினால் 1,000. மூளை மிக வேகமாக வளரும் காலம் இது. இரண்டு வயதுக்குள் அது பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே கதை பிரசவ அறையில் தொடங்குவதில்லை. தாய்க்கு ரத்தசோகை, அயோடின் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் இருந்தால் அது வயிற்றில் உள்ள குழந்தைக்கும் போய்ச் சேரும். பக்கத்தில் இருப்பவர் பிடிக்கும் சிகரெட் புகையும் அப்படித்தான். கர்ப்பத்தில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஃபோலிக் அமிலம் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டியது, ஏனென்றால் முதுகுத்தண்டுக்கான குழாய் மூடிக்கொள்ளும் நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஊசி குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தைராய்டு குறைவோடு பிறந்த குழந்தையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் அதன் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். 'பச்சைக் குழந்தையை ஏன் குத்தறீங்க' என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் ஒரே காரணம் இதுதான்.

நல்லாத்தான் சாப்பிடறா, ஆனா எடை ஏற மாட்டேங்குது. எங்க போகுது எல்லாம்?

முதலில் என்ன சாப்பிடுகிறாள் என்று பார்ப்போம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிறக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்திருந்த இரும்புச்சத்து அதற்குப் பிறகு தீரத் தொடங்கும். அப்போது தண்ணியாகக் கரைத்த மாவு மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. குழந்தையின் வயிறு சின்னது, அதனால் ஒவ்வொரு வாயும் கெட்டியாக, சத்துள்ளதாக இருக்க வேண்டும். இரும்புக் குறைவு வெளியே தெரியாமலேயே கவனத்தையும் கற்றலையும் பாதிக்கும்.

அடுத்து நோய். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வெளியே வயிற்றுப்போக்கே இல்லாவிட்டாலும், அசுத்தமான தண்ணீரும் மண்ணும் வழியாகத் தினமும் கிருமி உள்ளே போனால் குடலின் உட்சுவர் வீங்கி, சத்தை உறிஞ்சும் வேலை கெட்டுப்போகும். கை கழுவுவதும் கழிப்பறையும் தடுப்பூசியும் உயரத்தோடு சம்பந்தப்பட்டவை என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

இன்னொன்று ஈயம். பழைய பெயின்ட் தூள், பேட்டரிக் கழிவு, சில கண் மைகளில் அது இருக்கும். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் அதை 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறார்கள், இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் கூடும். மூளைக்கு அது நேரடி எதிரி. இவை எதுவும் இல்லாமலும் எடை ஏறவில்லை என்றால் இதயம், சிறுநீரகம், தைராய்டு என்று மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

தூங்கினா வளரும்னு பாட்டி சொல்வாங்க. உண்மையா?

உண்மைதான். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். 1 முதல் 2 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை.

எட்டாவது மாசத்துலயே பொறந்துட்டா. மத்த குழந்தைங்க மாதிரி எப்போ வருவா?

அவள் வயதை இரண்டு விதமாகக் கணக்கிட வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்திருந்தால், இன்று ஆறு மாதம் ஆன குழந்தையை நாலு மாதக் குழந்தையாக எண்ணித்தான் சார்ட்டில் குறிக்க வேண்டும். கழுத்து நிற்பது, உட்கார்வது எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான், இரண்டு வயது வரை. தடுப்பூசிக்கு மட்டும் பொதுவாகப் பிறந்த தேதியே கணக்கு. இது தெரியாமல் மாதக்கணக்கில் அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். குறைமாதக் குழந்தைகளுக்குக் கண், காது பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு வயசு முடிஞ்சிடுச்சு, இன்னும் நடக்கலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாசத்துலயே நடந்துடுச்சே?

மேலே சொன்ன ஆறு நாட்டு ஆய்வின் பகுதியாக ஐந்து நாடுகளில் இதையும் பார்த்தார்கள். ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கியது 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கு மேல் வரை பரந்து கிடந்தது. பிடிக்காமல் உட்கார்ந்ததுகூட 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை. நூற்றில் நாலு குழந்தைகள் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். உங்கள் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இதற்குள்தான் இருக்கிறார்கள்.

வாக்கரில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்று வாங்கிவிடாதீர்கள். அது நடையைத் தாமதப்படுத்தும், மாடிப்படியில் உருளவும் வைக்கும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. தரையில் விடுங்கள், வெறுங்காலோடு.

வீட்ல ரெண்டு மொழி பேசறோம். அதனாலதான் பேச்சு வரலையா?

இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை. சொல் எண்ணும்போது இரண்டு மொழியின் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். தாமதம் இருந்தால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். சளி தேங்கி நடுக்காதில் நீர் நின்றால்கூடப் பேச்சு பின்தங்கும்.

அப்புறம், வீட்டில் திரை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம், 2 முதல் 4 வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். போன் பேசும், ஆனால் குழந்தை 'ங்கா' என்றால் பதிலுக்குச் சிரிக்காது. பேச்சு வளர்வது அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான்.

பாசம் இல்லைன்னா உடம்புகூட வளராதா? அது சும்மா சொல்றதுதானே?

இல்லை, அளந்து பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்சி விடோசன் என்ற ஊட்டச்சத்து அறிஞர் ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்களைக் கவனித்தார். இரண்டிலும் ஒரே ரேஷன். ஆறு மாதம் கழித்து ஒரு இல்லத்துக்கு மட்டும் கூடுதலாக ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் அதிகமாக எடை ஏறுவார்கள் என்று எதிர்பார்த்தார். நடந்தது தலைகீழ். கூடுதல் சாப்பாடு கிடைத்தவர்கள் குறைவாக ஏறினார்கள், ரேஷன் மட்டும் சாப்பிட்டவர்கள் அதிகமாக ஏறினார்கள்.

காரணம் ஒரு மேற்பார்வையாளர். சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் குழந்தைகளை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டுவார். சூப் ஆறிப்போகும், குழந்தைகள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூடுதல் சாப்பாடு தொடங்கிய அதே நேரத்தில் அவர் அந்த இல்லத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். அவர் கிளம்பிப் போன இல்லம் நிம்மதியடைந்தது, எடையும் ஏறியது. அவருக்குச் செல்லமான எட்டுக் குழந்தைகள் மட்டும் அவர் இருந்த இடத்திலும் நன்றாக வளர்ந்தார்கள். 1951-இல் இதை விடோசன் எழுதினார். தட்டு நிறையப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கும், மிரட்டும் வீடுகளில் எனக்கு எப்போதும் இந்த ஞாபகம்தான் வரும்.

2000-இல் ருமேனியாவில் தொடங்கிய ஆய்வும் இதையே காட்டியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் அவர்களின் உயரமும் எடையும் வேகமாக ஏறின. அறிவுத்திறனும் முன்னேறியது, அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்களுக்கு அதிகம்.

நான் வேலைக்குப் போறேன். அப்போ என் குழந்தைக்குக் குறை வந்துடுமா?

மேலே உள்ளதைப் படித்துவிட்டு இந்தப் பயம் வந்தால் அது என் தவறு. அந்தக் குழந்தைகளுக்கு 'தன் ஆள்' என்று ஒருவர்கூட இல்லை. உங்கள் குழந்தைக்கு நீங்கள் இருக்கிறீர்கள், அப்பா இருக்கிறார், பகலில் பார்த்துக்கொள்பவர் இருக்கிறார். பார்த்துக்கொள்பவர் அடிக்கடி மாறாமல், அழுதால் திரும்பிப் பார்ப்பவராக இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு எதிலும் மனசு ஒட்டவில்லை, குழந்தை சிரித்தாலும் சிரிக்க முடியவில்லை என்றால், அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அது மனச்சோர்வு, சிகிச்சை உண்டு. அம்மாவைக் கவனித்தால் குழந்தையும் தேறும்.

மூளை வளர விலை கூடின பொம்மை வாங்கணுமா?

வேண்டாம். ஜமைக்காவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத, 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணியாளர் போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து, எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படி விளையாடக் கற்றுக்கொண்ட வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

வகுப்புலயே அவதான் உயரம், கொஞ்சம் குண்டும். நல்லதுதானே?

பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கவனியுங்கள். எடை மிகுந்த பெண் குழந்தைகள் சீக்கிரம் பருவமடைவதுண்டு. அப்போது உயரம் சட்டென்று கூடும், எலும்பின் வளர்முனையும் சீக்கிரம் மூடிக்கொள்ளும், தோழிகள் பின்னால் வந்து தாண்டிவிடுவார்கள். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும், பையனுக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள். வளர்முனை மூடிய பிறகு எந்தப் பவுடரும் கம்பியில் தொங்குவதும் உயரத்தைக் கூட்டாது.

போன தடவையைவிட உயரம் குறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்களே! உடம்பு சுருங்குமா?

பெரும்பாலும் இது இரண்டு வயதில் வரும் கேள்வி. அதுவரை படுக்க வைத்து அளப்போம், பிறகு நிற்க வைத்து அளப்போம். நின்றால் 0.7 செ.மீ. போலக் குறைவாகக் காட்டும். தவிர, பலகையில் படுத்த குழந்தை முழங்காலை மடக்கும், ஒருவர் தலையையும் இன்னொருவர் முட்டியையும் பிடித்தால்தான் அளவு சரியாக வரும். பெரிய பிள்ளைகளுக்குக் காலையிலும் மாலையிலும்கூட ஒரு செ.மீ. வரை மாறும். சந்தேகமாக இருந்தால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ரெண்டு வயசு தாண்டிடுச்சு. இனிமே எதுவும் பண்ண முடியாதா?

முடியும். நோயோ பசியோ விலகியதும் உடம்பு வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்து, தவறவிட்டதைப் பிடிக்கும். எவ்வளவு சீக்கிரம் தடை விலகுகிறதோ அவ்வளவு நல்லது. ஆயிரம் நாள் என்பது கதவு மூடும் தேதி இல்லை. இரும்புக் குறைவு, காது, கண், வீட்டில் பேச்சு இவையெல்லாம் ஐந்து வயதிலும் சரிசெய்ய வேண்டியவை.

எதெல்லாம் பார்த்தா காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட போகணும்?

மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 9 மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, 12 மாதத்தில் மழலைச் சத்தமே இல்லை, 18 மாதத்தில் நடையோ ஒரு சொல்லோ இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் போங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலும் போங்கள். அது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும், மறு கையில் பலவீனம் இருக்கலாம். ஐந்து வயதுக்கு மேல் வருடத்துக்கு 4 செ.மீ.கூட வளரவில்லை என்றாலும் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது, வந்த திறமை போவது. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால், நடந்தது தடுமாறினால், எந்த வயதானாலும் 'தானா சரியாகும்' என்று இருந்துவிடாதீர்கள். போகும்போது அளவு எழுதிய அட்டையோடு, வீட்டில் எடுத்த வீடியோவும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை பயந்துபோய் எதையும் செய்து காட்டாது, அந்த வீடியோவில் மருத்துவருக்குத் தேவையானது கிடைக்கும்.